லிஸ்ட்டுல எம் பேரு இல்லியே, சார்!

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சுக்காரன் இல்லை. 1984-இல் இடைநிலை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்து 2018-இல் ஓய்வு பெறும்வரை 34 வருஷம் தொடக்கப் பள்ளிகளில்தான் இருந்தேன். எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பத்து வயசுக்கு உட்பட்டவர்கள். அதனால் உங்கள் முன்னால் பேசக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. தெரிந்ததைச் சொல்கிறேன். தப்பு இருந்தால் கேளுங்கள்.

'தொடக்கப் பள்ளியில் ஒழுக்கமும் கட்டுப்பாடும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த ரெண்டு வார்த்தையும் எனக்குப் பயத்தைக் கொடுக்கிறவை.

முதலில் கட்டுப்பாடு. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தலித் குழந்தைகள் பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போனார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனி உங்களுக்குக் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் அனுப்பிவிட்டார். அந்த வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் கட்டுப்பாடு என்றால் நல்ல வார்த்தை. ஊரில் கட்டுப்பாடு என்றால் சேரிக்குக் கடை கிடையாது, வேலை கிடையாது, தண்ணி கிடையாது. ரெண்டும் ஒரே வார்த்தை. அந்த ஊரின் நடுவில்தான் நம் பள்ளிக்கூடமும் நிற்கிறது. அப்படியானால் பள்ளிக்கூடத்துக்குள் எந்தக் கட்டுப்பாடு நுழைகிறது? இதுதான் என் கேள்வி.

அடுத்தது ஒழுக்கம். திருக்குறளில் ஒழுக்கமுடைமை என்று ஓர் அதிகாரம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு உரை எழுதிய பரிமேலழகர், ஒழுக்கம் என்பதை அவரவர் வருணத்துக்கும் நிலைக்கும் ஓதப்பட்ட நடத்தை என்று விளக்கிவிட்டுப் போனார். வள்ளுவர் அதைத்தான் நினைத்தாரா என்பது வேறு விவாதம். உரைகாரருடைய விளக்கம்தான் வாத்தியார்களின் தலைக்குள் பல நூறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. அவரவர் இடத்தில் அவரவர் இருந்தால் ஒழுக்கம். இடம் மாறி நின்றால் ஒழுக்கக்கேடு.

இடம் என்று சொன்னேன். அம்பேத்கர் சின்னப் பையனாகப் பள்ளிக்கூடத்தில் தனியாகச் சாக்குத் துணியில்தான் உட்கார வேண்டியிருந்தது. அந்தச் சாக்கையும் தினமும் அவரேதான் வீட்டுக்குத் தூக்கிப் போகணும். தண்ணி தவித்தால் பள்ளிக்கூடப் பியூன் வந்து ஊத்தணும். பியூன் இல்லாத நாளில் தண்ணியும் இல்லை. நம்ம இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட தன் வாழ்க்கைக் குறிப்பில் கோயமுத்தூரில் படித்த காலத்தைச் சொல்கிறார். கூடப் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பார்ப்பனப் பிள்ளைகள். சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்கேயாவது இருந்துவிட்டுக் கடைசியில்தான் உள்ளே போவார். விட்டதும் விளையாட நிற்காமல் வீட்டுக்கு நடப்பார். அன்றைக்கு அவரைப் பார்த்த வாத்தியார் என்ன நினைத்திருப்பார்? 'அடக்கமான பையன், ஒழுக்கமான பையன்' என்றுதான் நினைத்திருப்பார். நம்ம பயத்துக்கு அவர்கள் வைத்த பேர் அடக்கம்.

என் கதைக்கு வருகிறேன். நான் பழைய தென்னாற்காடு ஜில்லாக்காரன். அப்பா பண்ணையாள். நான் படித்த பள்ளிக்கூடம் ஊருக்குள் இருந்தது. கடைசி வரிசையில் நாங்கள் ஏழெட்டுப் பேர். வாத்தியார் எங்கள் சிலேட்டைக் கையால் வாங்க மாட்டார். 'கீழ வை'ன்னு சொல்லி, குனிஞ்சு பாத்து, குச்சி முனையாலே தப்பைக் காட்டுவார். தண்டனையிலும் ரெண்டு வகை இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் தப்பு செஞ்சா காதைத் திருகுவார், தலையில குட்டுவார். எங்களுக்குப் புளிய மிளாறு மட்டும்தான். காதைத் திருகணும்னா தொடணுமே! நம்ப மாட்டீர்கள், எங்களுக்கு அந்தக் காது திருகலின் மேல் ஆசையாக இருந்தது. ஒரு தடவையாவது கையால அடிக்க மாட்டாரா என்று நினைத்திருக்கிறேன். ஆறு வயசுப் பிள்ளையை அடி வாங்குவதற்குக்கூட ஏங்க வைக்கிற ஏற்பாடுதான் சாதி.

சரி, அது அந்தக் காலம், அது சாதி இந்து வாத்தியார் என்று நீங்கள் சொல்லலாம். இனி நான் சொல்லப் போவது என்னைப் பற்றி. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

தமிழ்நாடு கல்வி விதிகளில் 51 என்று ஒரு விதி இருந்தது. பிள்ளைகளை எப்போது அடிக்கலாம் என்று சொல்கிற விதி. நடத்தைக் கேட்டுக்கு மட்டும்தான் அடிக்கலாம். அதாவது வேண்டுமென்றே பொய் சொல்வது, ஆபாசமான பேச்சு அல்லது செயல், வெளிப்படையாகக் கீழ்ப்படியாமை. அதுவும் கையில் ஆறு அடி. தலைமையாசிரியரே அடிக்கணும், இல்லையென்றால் அவர் மேற்பார்வையில் அடிக்கணும். படிக்கும்போது நியாயமான விதி மாதிரிதான் தெரியும். எந்தச் சாதி பேரும் அதில் இல்லை.

ஆனால் அதை ஒரு கிராமத்து வகுப்பில் வைத்துப் பாருங்கள். அம்மா விடியக்காலம் நடவுக்குப் போய்விட்டாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிற எட்டு வயசுப் பெண் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாக வருகிறாள். ஏன் லேட்டு என்று கேட்டால் அவமானமாக இருக்கிறது, 'வயித்து வலி சார்' என்கிறாள். பொய். சேரியில் பேசுகிற பேச்சு வாயில் வருகிறது. ஆபாசம். ஏன் எங்களை மட்டும் சொல்றீங்க என்று கேட்டால்? கீழ்ப்படியாமை. மூணு குற்றமும் நம்ம பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்திவிடுகிறது. ஊர்ப் பையன் நம்ம பையனைச் சாதி சொல்லித் திட்டினான் என்றால் அதற்கு அந்த விதியில் தனியாக ஒரு பேர்கூட இல்லை. அதைப் 'பிள்ளைங்க சண்டை' என்று விட்டுவிடுவோம்.

என் முதல் பள்ளிக்கூடம் ஈராசிரியர் பள்ளி. நானும் ஒரு பெரிய வாத்தியாரும். காலையில் கூட்டுவது, தண்ணி பிடித்து வைப்பது எல்லாம் காலனிப் பிள்ளைகள். யாரும் உத்தரவு போடவில்லை. அது பாட்டுக்கு நடந்தது. நான் புதுசு, வாலிபம், தலையில் அம்பேத்கர், பெரியார். ஒரு லிஸ்ட் போட்டேன். நாலு, அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அட்டெண்டன்ஸ் வரிசைப்படி, ஒரு நாளைக்கு ரெண்டு பேர். சார்ட்டில் எழுதிச் சுவத்தில் ஒட்டினேன்.

மூணாவது நாள் ஊர்ப் பெண் ஒருத்தி முறை வந்தது. சந்தோஷமாகத்தான் கூட்டினாள். சாயங்காலம் அவள் தாத்தா நாலு பேரோடு வந்து நின்றார். என்னை 'சார்' என்றும் சொல்லவில்லை, 'நீ' என்றும் சொல்லவில்லை. மொட்டையாகப் பேசினார்கள். 'எங்க வூட்டுப் பொண்ணு தொடப்பம் புடிக்கவா இங்க வருது? அதுக்கு ஆளுங்க இல்லியா?' பெரிய வாத்தியார் அவர்களைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: 'தம்பி, நல்லா இருந்த பள்ளிக்கூடத்துல ஒழுங்கைக் கெடுத்துட்டீங்களே.'

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. வேலை, மாறுதல், காலனிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம், எல்லாம் சேர்ந்துகொண்டது. மறுநாள் காலையில் லிஸ்ட்டுப்படி ஊர்ப் பையன் ஒருவன் முறை. நான் என்ன செய்தேன்? பேசாமல் தொடப்பத்தை எடுத்து, எப்பவும் கூட்டுகிற காலனிப் பையன் கையில் கொடுத்தேன். அஞ்சாம் வகுப்பு. அவன் என்னைப் பார்த்தான், சுவத்தைப் பார்த்தான். 'சார், லிஸ்ட்டுல இன்னிக்கு எம் பேரு இல்லியே, சார்?' என்றான்.

திமிரா கேட்கல. நெஜமாவே சந்தேகம். நான் எழுதிய விதியை என்னைவிட ஒழுங்காகப் படித்து வைத்திருந்தான். ஊர்ப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெரிய வாத்தியார் வாசலில் நின்றார். 'எதுத்தா பேசுற?' என்று கேட்டு அவன் கையில் அடித்தேன். ஆறு அடி இல்லை. நான் எண்ணவில்லை.

தோழர்களே, இதற்கு மேல் நான் பார்ப்பனியம், ஆதிக்கம், அதிகாரக் கட்டமைப்பு என்று என்ன பேசினாலும் இந்த இடத்தைத் தாண்டித்தான் பேச வேண்டும். பிரம்பு என் கையில் இருந்தது. அடித்தது ஊர்க் கட்டுப்பாடு. தலித் வாத்தியார் வந்துவிட்டால் பள்ளிக்கூடம் மாறிவிடும் என்று நினைக்கிறோம். விதி மாறாமல், பயம் மாறாமல் ஆள் மட்டும் மாறினால் இதுதான் நடக்கும். அன்றைக்கு அந்த அறையில் ஒழுக்கத்தோடு இருந்தவன் அவன் ஒருவன்தான். எழுதி ஒட்டிய விதி எல்லாருக்கும் பொது என்று நம்பினான். அதற்குத்தான் அவனுக்கு அடி.

இது எங்கள் ஊரோடு முடிகிற கதை இல்லை. 1995-இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில் தொடக்கப் பள்ளியில் படித்த ஒரு தலித் சிறுமி, சாதி இந்துப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பானையில் தண்ணி எடுத்துக் குடித்தாள் என்று ஆசிரியர் அடித்தார். ஒரு கண்ணில் பார்வை போயிற்று. 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். ஒரு பையன் டெங்கு காய்ச்சலில் படுத்த பிறகுதான் தாய்க்கே விஷயம் தெரிந்தது. அதுவரை அந்தப் பிள்ளைகள் ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று யோசியுங்கள். டீச்சர் சொன்னால் செய்யணும், கேள்வி கேட்கக்கூடாது என்று பழக்கியிருக்கிறோம். அந்தப் பழக்கத்துக்குப் பேர்தான் நல்ல ஒழுக்கம்.

யாருக்கு ஒழுக்கமில்லை என்று சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் அரசுப் பள்ளிச் சத்துணவுக்கு ஒரு தலித் பெண் சமைக்கக்கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் போராட்டம் நடத்தினார்கள். அதிகாரி யாரை மாற்றினார்? சமைத்த பெண்ணை! பிறகு எதிர்ப்பு கிளம்பித்தான் அந்த உத்தரவு திரும்பியது. பள்ளிக்கூடத்தையே மறிக்கிற பெற்றோரை யாரும் ஒழுக்கமில்லாதவர்கள் என்று சொல்லவில்லை. நம்ம பையன் தலை வாரவில்லை என்றால் சொல்கிறோம்.

இந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படித்தவர்களே வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டு, அவர் 2024-இல் அறிக்கை கொடுத்தார். கையில் சாதிக் கயிறு கட்டக்கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக்கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தார். நல்ல விஷயம். ஆனால் கயிறு பதினாலு வயசில்தான் கைக்கு வருகிறது. அதற்கு முன்னால் அஞ்சு வருஷம், யார் கூட்டணும், யார் சட்டாம்பிள்ளை, யார் வாத்தியாருக்கு டீ வாங்கப் போகணும், யார் பானையைத் தொடக்கூடாது என்று தொடக்கப் பள்ளியில் கற்றுக்கொடுத்து முடித்துவிடுகிறோம்.

நம்ம ஆட்களைப் பற்றியும் பேசணும். காலனித் தகப்பன்மார் பிள்ளையைச் சேர்க்க வரும்போது என்ன சொல்வார்கள்? 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார், எப்படியாச்சும் படிச்சா போதும்.' கேட்டால் 'அடியாத மாடு படியாது' என்று பழமொழி வேறு. மாட்டுக்குச் சொன்ன பழமொழி! மாட்டோடு மாடாக நம்மைக் கட்டி வைத்திருந்தவர்களின் மொழியை நாமே பேசுகிறோம். கீழத்தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனை. செங்கொடி பிடித்து, ரத்தம் சிந்தித்தான் அதை ஒழித்தார்கள். வயலில் ஒழித்ததைப் பிள்ளைக்கு வகுப்பில் கொடு என்று நாமே கேட்கலாமா? 'நான் அடி வாங்கித்தான் முன்னுக்கு வந்தேன்' என்று சொல்கிற தோழர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அடி வாங்கியும் படித்து வந்தவர்கள் நாம். அடி தாங்காமல் மாடு மேய்க்கப் போனவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை, அவர்கள் கணக்கு நமக்குத் தெரியாது.

அப்படியானால் பள்ளிக்கூடத்தில் ஒழுங்கே வேண்டாமா? வேணும். ஒழுங்கு இல்லாத இடத்தில் வலுத்தவன் வைத்ததுதான் சட்டம். அங்கேயும் நம்ம பிள்ளைதான் அடிபடும். எனக்கு வேண்டியது அந்தப் பையன் நம்பின ஒழுங்கு.

1999-இல் வேறொரு ஊரில் தலைமையாசிரியரானேன். பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசி, அவர்கள் பேச்சிலேயே விதி எழுதி ஒட்டினோம். 'பட்டப்பேரு, சாதிப்பேரு சொல்லிக் கூப்புடக் கூடாது. பானையில யாரு வேணும்னாலும் மொண்டு குடிக்கலாம். வேலை முறைப்படி எல்லாருக்கும் உண்டு, சாருக்கும் உண்டு. யாரும் யாரையும் அடிக்கக் கூடாது, சாரும்.' முதல் முறை தொடப்பம் எடுத்தது நான். இன்றைக்குக் கேட்டால் பிள்ளைகளைக் கூட்ட வைப்பதே கூடாது, அதற்குப் பணியாளர் போடணும் என்றுதான் சொல்வேன். அன்றைக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

சொன்னதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. சண்டை வந்தது, கல்லால் அடித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வட்டமாக உட்கார்ந்து, அடித்தவன் பேசணும், அடி வாங்கினவன் பேசணும், பார்த்தவன் பேசணும் என்று வைத்தோம். கிழித்த புத்தகத்தைக் கிழித்தவன் ஒட்டித் தரணும். பிரம்பைவிட இதற்கு நேரம் அதிகம், பொறுமை அதிகம். ஒருநாள் கோபத்தில் ஒரு பையன்மேல் கையை ஓங்கினேன். மூணாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாயைத் திறக்கவில்லை, சுவத்தைக் கை காட்டினாள். ஓங்கிய கை இறங்கிவிட்டது.

இதற்கு விலையும் கொடுத்தோம். ஊர்க்காரர்களில் பலர் டி.சி. வாங்கிக்கொண்டு இங்கிலீஷ் மீடியத்துக்கு வேன் ஏற்றி அனுப்பினார்கள். 60-க்கு மேல் இருந்த பிள்ளைகள் 40-க்கு வந்தார்கள். ஏ.இ.இ.ஓ. விளக்கம் கேட்டார். மூடிவிடுவார்களோ என்று பயந்தேன். ஆனாலும் லிஸ்ட்டைக் கிழிக்கவில்லை. ஒருமுறை கிழித்தது போதும்.

இன்றைக்கு உங்கள் கையில் சட்டம் இருக்கிறது. 2003-இலேயே தமிழ்நாட்டில் 51-ஆவது விதியைத் திருத்தி அடிப்பதைத் தடை செய்தார்கள். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல் தண்டனை மட்டுமில்லை, மனத் துன்புறுத்தலும் கூடாது என்கிறது. மீறினால் ஆசிரியர் மேல் துறை நடவடிக்கை. பிரிவு 21-இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதி பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பள்ளிக்கூட வாசலில் நின்றுவிடுவதில்லை. 1098, 14417 என்று உதவி எண்கள் இருக்கின்றன. இதெல்லாம் காலனியில் எத்தனை தாய்மாருக்குத் தெரியும்? அதைச் சொல்லுவது உங்கள் வேலை.

ஒரு சின்ன வேலைத் திட்டம் சொல்கிறேன். ஊருக்குத் திரும்பியதும் உங்கள் தொடக்கப் பள்ளிக்கு ஒரு காலை நேரம் போங்கள். போர்டு எடுத்துக்கொண்டு போக வேண்டாம். யார் கூட்டுகிறார்கள், கழிப்பறை யார் கழுவுகிறார்கள், பானையில் யார் மொள்ளுகிறார்கள், சோத்து வரிசையில் யார் கடைசி, யாரை வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், யாரை 'டேய்' என்கிறார் என்று பாருங்கள். எழுதி வையுங்கள். பிறகு பெற்றோரைக் கூட்டிப் பேசுங்கள். மேலாண்மைக் குழுவில் நம்ம பெண்களை உட்கார வையுங்கள். உட்கார்ந்தால் போதாது, கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. நான் அடித்த அந்தப் பையன் அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டான். ரொம்ப வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மேஸ்திரி வேலை. அவன்தான் அடையாளம் கண்டுபிடித்து, 'சார்' என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். ஞாபகம் இருக்கா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டேன்.

'பொண்ணை இந்த வருஷம்தான் ஒண்ணாவதுல சேத்தேன் சார். சேக்கறதுக்கு முன்னால ரெண்டு நாளு காலங்காத்தால போயி, அங்க யாரு கூட்டுறாங்கன்னு பாத்துட்டுதான் சேத்தேன்' என்றான்.

நான் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கணும். அதைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.